லேப்டாப்பைக் கடை வாசலில் வைத்துப் பாருங்கள்

டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த லேப்டாப்பின் திரையும் நன்றாகத்தான் தெரியும். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கடைக்குள் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவந்த அதே லேப்டாப்பை, மண்டபம் மீன் இறங்குதளத்தில் கூரைக்கடியில் விரித்து எடைச் சீட்டை ஏற்றப் போனால், எக்செல் கட்டங்கள் காணாமல் போய் நம் சட்டையும் பின்னால் மின்னுகிற கடலும் தெரியும். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. வாங்கும்போது தப்பான வெளிச்சத்தில் பார்த்திருக்கிறோம்.

நண்டு, கணவாய், இறால் கணக்கு பார்க்கிறவர்கள், கீழக்கரையிலிருந்து ஊர் ஊராகப் போகிற வியாபாரிகள், ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துகிறவர்கள், கடற்பாசி வளர்ப்பைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர்கள், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் என்று இந்தக் கரையில் மெல்லிய பிசினஸ் லேப்டாப் தேடுகிற எல்லோருக்கும் இது. பிராசசர் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ரேம் மட்டும் 16 ஜிபி வாங்கிவிடுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சாலிடர் செய்துவிடுவதால் பிறகு கூட்ட முடியாது. மற்றபடி இங்கே பேசப்போவது திரையும் சுமையும்தான்.

வெளிச்சக் கணக்கு

ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். கடைக்குள் சுமார் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மர நிழலில், திறந்த திண்ணையில் வானம் தெரிகிற இடத்தில், 10,000 லக்ஸ் வரை வரும். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விலை குறைந்த மாடல்களில் 250, நடுத்தரத்தில் 300, நல்ல பிசினஸ் மாடல்களில் 400 அல்லது 500.

இப்போது ஒரு கணக்கு. மேட் திரை, அதாவது பளபளப்பில்லாத திரை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 1 சதவீதத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிழலில் 10,000 லக்ஸ் விழுந்தால் சிதறிய வெளிச்சம் சுமார் 32 நிட்ஸ் சாம்பல் படலமாகத் திரை முழுதும் படியும். கறுப்பு எழுத்துகூட அந்த 32 நிட்ஸ் அளவுக்கு வெளுத்துவிடும். 250 நிட்ஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் 282-க்கு 32, அதாவது 9 மடங்குதான். பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டிருப்பார்கள். அது இருட்டறைக் கணக்கு. 400 நிட்ஸ் திரையில் இதே இடத்தில் 13 மடங்குக்கு மேல் கிடைக்கும், 500-ல் 16-க்கு மேல். சாம்பல் நிற எழுத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்க முடிவதும் முடியாததும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பளபளப்புத் திரையின் சங்கதி வேறு. அது வெளிச்சத்தைச் சிதறடிக்காது, கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மேல் பட்டதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பும். நண்பகல் வெயில் படும் வெளிர் மணல் 12,000 நிட்ஸ் அளவுக்கு மின்னும். அதில் 4 சதவீதம் 480 நிட்ஸ். முதுகுக்குப் பின்னால் அரிச்சல்முனை மணல் இருந்தால், திரையில் தெரியும் மணலின் பிம்பம் 400 நிட்ஸ் திரையின் முழு வெள்ளையைவிடப் பிரகாசமாக இருக்கும். பிரைட்னஸ் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் பலிக்காது.

நிழலுக்குள் வந்துவிட்டாலும் இன்னொரு ஆள் குறுக்கே நிற்பார்: நம் வெள்ளைச் சட்டை. 10,000 லக்ஸ் நிழலில் வெள்ளைத் துணி சுமார் 2,500 நிட்ஸ் ஒளிரும். அதில் 4 சதவீதம் 100 நிட்ஸ். பளபளப்புத் திரையின் நடுவில், சட்டை வடிவத்தில், ஒரு வெளுப்பு நிற்கும். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வேலை பார்க்கிற ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. நல்ல எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருந்தால் 4 சதவீதம் 1 அல்லது 1.5-க்கு இறங்கும். அந்தப் பூச்சு இருக்கிறதா என்று விளம்பரத்தை நம்பாமல் கண்ணால் பார்க்கலாம்: அணைத்த திரையில் டியூப்லைட்டின் பிம்பம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை, மங்கி, ஊதாவோ பச்சையோ கலந்து தெரிந்தால் இருக்கிறது.

ஆக என் தீர்ப்பு: இந்தக் கரையில் வெளியே வேலை இருப்பவருக்கு மேட் பூச்சுள்ள 400 நிட்ஸ் திரைதான் தொடக்கக் கோடு. 300 நிட்ஸ் மேட் திரை வீட்டுக்குள், அலுவலகத்துக்குள், ரயில் பெட்டிக்குள் போதும். 250 நிட்ஸை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். தொடுதிரை பெரும்பாலும் பளபளப்பாகவே வரும், எடையும் கூடும். கையெழுத்து வாங்குவது போன்ற வேலை இல்லையென்றால் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி மறைக்கும் பிரைவசி திரையும் நமக்கு ஒத்துவராது. வியாபாரியும் கணக்கரும் ஒரே பில்லைச் சேர்ந்து பார்க்கிற தொழிலில் பக்கவாட்டில் இருட்டும் திரை இடைஞ்சல்தான்.

கடையில் செய்ய வேண்டியது

கடைக்காரரிடம் கேட்டு, லேப்டாப்பை வாசலுக்கு எடுத்து வாருங்கள். மறுத்தால் கண்ணாடிக் கதவருகே, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். வாசலில் சார்ஜர் இருக்காது, அதுவும் நல்லதுதான். பேட்டரியில் ஓடும்போது பிரைட்னஸைத் தானாகக் குறைக்கும் அமைப்புகள் பல உண்டு: விண்டோஸின் பேட்டரி சேவர், திரையில் உள்ளதைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் தெரிவு, ஏஎம்டி மாடல்களில் வேரி-பிரைட், இன்டெல் கிராபிக்ஸில் திரை மின்சேமிப்பு. செட்டிங்ஸில் இவற்றை அணைத்துவிட்டு, பிரைட்னஸை முழுக்க ஏற்றி, வெள்ளைப் பின்னணியுள்ள பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அணைத்த பிறகு திரை பளிச்சென்று மாறினால், அதுவரை மங்கலாகத் தெரிந்தது பேனலின், அதாவது திரைத் தகட்டின், குறை இல்லை.

இரண்டு மாடல்களுக்கு நடுவே தயக்கம் என்றால் போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, இரண்டு திரையிலும் முழு வெள்ளையைக் காட்டி, போனின் மேல்முனையை ஒரே தூரத்தில் வைத்துப் பாருங்கள். வரும் எண்ணை நிட்ஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; எது எவ்வளவு கூடுதல் என்று ஒப்பிட மட்டும் பயன்படும்.

போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கையோடு கொண்டு போங்கள். எல்சிடி திரையிலிருந்து வருவது ஒரே திசையில் அதிரும் ஒளி. கண்ணாடியின் திசையும் திரையின் திசையும் குறுக்கே மாட்டிக்கொண்டால் திரை கறுத்துப்போகும். தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படகில் போய்வருகிறவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம்.

அடுத்து, திரை முழுதும் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, கடையின் உள்மூலையில் இருட்டான இடத்தில் பாருங்கள். ஓரங்களில் மஞ்சளாக ஒளி கசிந்தால் மூடி முறுக்கியிருக்கிறது அல்லது பேனல் சரியாக உட்காரவில்லை. லேசான கசிவு ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி திரைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஒரே மூலையில் பட்டையாகத் தெரிவதைத்தான் ஒதுக்க வேண்டும். பிறகு முழு வெள்ளை: ஒரு பாதி மஞ்சள், மறுபாதி நீலம் என்று தெரிகிறதா, எரியாமல் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு செத்த புள்ளிகளுக்குப் பேனலை மாற்றித் தராத நிறுவனங்கள் உண்டு. வாங்கும் முன் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

தமிழில் வேலை செய்கிறவர்கள் தமிழ்ப் பக்கத்தையே திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம், மேலே புள்ளி வேறு. 14 அங்குலத்தில் 1920-க்கு 1200 என்றால் அங்குலத்துக்கு 162 புள்ளிகள். 2880-க்கு 1800 என்றால் 243. நிர்மலா எழுத்துருவில் 10 அளவில் "ஞ்", "ண்ணை", "க்ஷ்" என்று அடித்து, கை நீட்டும் தூரத்தில் புள்ளி தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 162-லேயே பெரும்பாலோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். 243 அழகு, ஆனால் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும். வெளியே வேலை பார்க்கிறவருக்கு அந்தக் காசை நிட்ஸில் போடுவதே லாபம்.

திரையின் உருவத்தையும் கவனியுங்கள். பழைய 16:9 வடிவத்தில் 14 அங்குலத் திரையின் உயரம் 6.9 அங்குலம், 16:10 வடிவத்தில் 7.4. ஒன்றே கால் சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். எக்செலில் சில வரிசைகள், ஸ்கேன் செய்த பத்திரத்தில் ஒரு பத்தி கூடுதலாகத் தெரியும்.

நிறம்

ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு தரங்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். பெட்டியில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருந்தால் அது எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் மூன்றில் இரண்டு பங்குகூட வராத மலிவுப் பேனல். முதலில் அடிபடுவது சிவப்பு. ராமநாதபுரம் முண்டு மிளகாயின் கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். வேகவைத்த நண்டின் படத்தை அனுப்பும் முன் இந்தத் திரையில் பார்த்து நிறத்தைக் கூட்டினால், வாங்குகிறவரின் நல்ல திரையில் அது கண்ணைக் குத்தும், "என்ன கலந்தீர்கள்" என்று கேள்வி வரும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி அல்லது 72 சதவீதம் என்டிஎஸ்சி என்று தேடுங்கள். நடைமுறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்ணை நம்ப விருப்பமில்லையா, போனில் ஒரு மிளகாய்ப் படத்தை வைத்துக்கொண்டு அதையே லேப்டாப்பிலும் திறந்து பக்கத்தில் பக்கம் பாருங்கள்.

ஓலெட் திரைகளில் நிறமும் கறுப்பும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் பளபளப்பு. வெள்ளைப் பக்கம் காட்டும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும். ஜிஎஸ்டி தளமும் எக்செலும் நாள் முழுக்க வெள்ளைதான். டேலி போல ஒரே பட்டை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றால் தழும்பு படியும் அபாயமும் உண்டு. பிரைட்னஸைக் குறைக்கும்போது பல ஓலெட் திரைகள் படபடவென்று அணைந்து அணைந்து எரிந்தே மங்கலைக் காட்டுகின்றன. கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, சிலருக்குத் தலைவலி வரும். பிரைட்னஸைக் கால் பங்குக்கு இறக்கி, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான் அது. வீட்டுக்குள் படம் திருத்தும் வேலைக்கு ஓலெட் வாங்கலாம், இறங்குதளத்துக்கு வேண்டாம்.

ஒரே பெயர், வேறு பேனல்

ஏமாறுவதில் முக்கால்வாசி இங்கேதான். ஒரே மாடல் பெயரில் 250, 300, 400 நிட்ஸ் என்று மூன்று பேனல்களை விற்பார்கள். விமர்சனத்தில் பாராட்டியது ஒன்று, கடையில் இருப்பது இன்னொன்று. பெட்டியில் ஒட்டியிருக்கும் முழுப் பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். லெனோவோவுக்குப் பிஎஸ்ரெஃப் என்ற தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் கிடைக்கிற திரைகள், நிட்ஸ், வண்ண எல்லை, மேட்டா பளபளப்பா என்பது வரை அட்டவணையாக இருக்கிறது. டெல் என்றால் சர்வீஸ் டேக்கைப் போட்டால் அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்குள் போன உதிரிகளின் பட்டியலே வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதை விரித்து, அதன் பிராப்பர்டீஸில் டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் மூன்று எழுத்தும் நான்கு குறிகளும் கொண்ட ஒரு சங்கேதம் கிடைக்கும். ஏயுஓ, பிஓஇ, சிஎம்என், எல்ஜிடி, எஸ்டிசி போன்றவை பேனல் செய்த கம்பெனியைக் குறிப்பவை. அதை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் பேனலின் நிட்ஸும் நிறமும் தெரிந்துவிடும். மதுரையில் கிடைக்கும் லீஸ் திரும்பிய பழைய லேப்டாப்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். உடைந்த திரைக்குப் பதிலாக மலிவுப் பேனலை மாட்டி விற்பது உண்டு.

பையில் ஏறும் எடை

விளம்பரத்தில் "1.1 கிலோ முதல்" என்று போட்டிருந்தால் அந்த "முதல்" என்ற சொல்லைப் படியுங்கள். சிறிய பேட்டரி, தொடுதிரை இல்லாத, மிக லேசான மூடி உள்ள வடிவத்தின் எடை அது. நீங்கள் வாங்குவது 1.25 கிலோவாக இருக்கலாம். அதோடு, மூன்று முள் கனத்த வயருடன் வரும் சார்ஜர் 300 கிராம், மவுஸ் 80, யுஎஸ்பி இணைப்பான் 50 என்று கூட்டினால் 1.7 கிலோ. மாடலுக்கு மாடல் 100 கிராம் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் சார்ஜரைக் கவனிப்பதில்லை. சிறிய 65 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு) சார்ஜர் ஒன்று வாங்கினால் 100 கிராமுக்கு மேல் இங்கேயே மிச்சம்.

அப்படி வாங்கும்போது கேபிளில் கோட்டை விடாதீர்கள். 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். 5 ஆம்பியர் என்று குறித்த, உள்ளே சிப் வைத்த கேபிள் இருந்தால்தான் முழு 65 வாட்டும் இறங்கும். "மெதுவான சார்ஜர்" என்று திரை முனகினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மெல்லியதாக்குகிறேன் என்று யுஎஸ்பி-ஏ துளையை எடுத்துவிட்ட மாடல்கள் நமக்குத் தொல்லை. ஜிஎஸ்டி, வருமான வரி, சுங்கத் தாக்கல்களுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி-ஏ. கைரேகை வைக்கும் கருவிகளிலும் பல அப்படியே. குறைந்தது ஒரு யுஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ லேப்டாப்பிலேயே இருக்கட்டும். ஷிப்பிங் பில் போடுகிற அவசரத்தில் இணைப்பானைத் தேடி அலைய முடியாது.

அளவைப் பார்க்க ஒரு ஏ4 தாள் போதும்: 29.7-க்கு 21 சென்டிமீட்டர். 13 அங்குல மாடல் ஏறக்குறைய அந்தத் தாளளவுதான், 14 அங்குலம் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் கூடும், 16 அங்குலம் கிட்டத்தட்ட 36 சென்டிமீட்டர். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே பஸ்ஸில் மடியில் வைத்து வேலை செய்ய 16 ஒத்துவராது, முன் சீட் இடிக்கும். என் ஓட்டு 14-க்கு. நின்றுகொண்டே ஐஸ் பெட்டியின் மேல் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் திரை 180 டிகிரி வரை படுக்கிற கீல் பெரிய உதவி. கோணத்தை மாற்றினால் பிம்பமும் விலகிப்போகும்.

மூடியின் பலத்தை இரண்டு மூலையையும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். திரையில் அலை ஓடினால், நெரிசலான பையில் சார்ஜர் அழுத்தி வெள்ளைப் புள்ளிகள் விழும். லேப்டாப்பின் மூடிப் பக்கத்தில் எதையும் திணிக்காமல் இருப்பதே இதற்கு மருந்து.

பேட்டரியை வாட்-மணியில் படியுங்கள். 57 வாட்-மணி, சராசரி 7 வாட் இழுப்பு என்றால் 8 மணி நேரம். வெளியே பிரைட்னஸை முழுக்க ஏற்றி 2 வாட் கூடினால் 6 மணி நேரம் சொச்சம். அதனால்தான் "லோ பவர்" என்று குறித்த 400 நிட்ஸ் பேனலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்கிறேன். பவர் பேங்க் என்றால் 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி; 100-க்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம்.

உப்புக் காற்று

ஒரு கிலோவுக்குக் கீழே வரும் லேப்டாப்களில் பலவற்றின் உடல் மக்னீசியம் கலவை. எடைக்கு அருமையான உலோகம். உப்புக்கு அதுதான் பலவீனம்: பெயின்ட் உரிந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால், பக்கத்தில் உள்ள இரும்புத் திருகோடு சேர்ந்து வேகமாக அரிக்கும், பெயின்ட் கொப்புளம் போல எழும்பும். பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் 150 கிராம் கூடினாலும் ஆனோடைஸ் செய்த அலுமினியம் எடுப்பது நல்லது. ராமநாதபுரம் நகரத்துக்குள் என்றால் மக்னீசியத்தை எடுக்கலாம், கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மில்-எஸ்டிடி-810எச் தேர்வு" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் அந்தத் தரத்தில் பல சோதனைகள் உண்டு. உப்பு மூடுபனிக்கானது 509. எந்தெந்த எண்கள் செய்தார்கள் என்று மாடலின் விவரத்தாளில் பாருங்கள். அதிர்ச்சியும் அதிர்வும் மட்டும் சோதித்துவிட்டு அதே முத்திரையைப் போட முடியும்.

உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரையும். இங்கே இரவிலும் விடியலிலும் அது வெகு சாதாரணம். சார்ஜ் துளையில் படிந்த உப்பு அப்படி நனைந்திருக்கும்போது 20 வோல்ட் பாய்ந்தால் முள்கள் பச்சை பிடித்து அரிக்கும். இரண்டு யுஎஸ்பி-சி துளை உள்ள மாடலாக வாங்குங்கள், ஒன்று போனாலும் இன்னொன்றில் சார்ஜ் ஏறும். கடற்கரையிலிருந்து வந்ததும் துளையை உலர்ந்த மென்பிரஷால் தட்டிவிட்டுப் பிறகு செருகுங்கள்.

திரையைத் துடைப்பதிலும் இதே உப்புதான் எதிரி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்போடு பொடிமணலும் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் மேட் பூச்சில் வட்டமாகக் கீறல் விழும். முதலில் சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் ஒற்றி எடுங்கள், உப்பு கரைந்து வந்துவிடும். அடுத்துத்தான் உலர்ந்த துணி. மூடியைச் சாத்தும் முன் கீபோர்டையும் துடையுங்கள். விசைகளின் மேல் படிந்த எண்ணெயும் மணலும் மூடிய திரையில் கட்டம் கட்டமாகத் தழும்பு போடும்.

கடைசியாக வாரன்டி. "ஆன்சைட்" என்று பில்லில் இருந்தாலும் 623-ல் தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா, எத்தனை நாளில் என்று நிறுவனத்தின் எண்ணுக்கே கூப்பிட்டுக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றைக்கே கறுப்பு, வெள்ளை, ஸ்லோமோஷன், பேனல் சங்கேதம் நான்கையும் பார்த்துவிடுங்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான், அதுவும் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.